வீட்டுக்கு அனுப்பும் முன் அம்மாவைச் செய்து காட்டச் சொல்கிறீர்களா? (இதயக் கோளாறு, ரத்தக் கோளாறு உள்ள குழந்தைகள்)

வார்டு சிஸ்டர், தர்மபுரி

பதினொரு வருடமாகக் குழந்தைகள் வார்டில் இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை, அது இங்கே தேவையும் இல்லை. போன வாரம் நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்த இழை.

எட்டு மாதக் குழந்தை, எடை 6 கிலோ. இதயத்தின் கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாகப் போய் ஓயாத மூச்சிரைப்பு. ஆபரேஷனுக்கு முன் கொஞ்சம் எடை ஏறட்டும் என்று மருந்து எழுதி வீட்டுக்கு அனுப்புகிறோம். டிகாக்சின் என்ற இதய மருந்து, சிரப் 0.6 மில்லி, காலையும் இரவும். அந்த அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் தலையாட்டினார். ஃபைலை மூடப் போன நேரத்தில் என்னவோ தோன்றி, "சரிம்மா, எனக்கு ஒரு தடவை எடுத்துக் காட்டு" என்றேன். பையிலிருந்து ஒரு பழைய காய்ச்சல் டானிக்கின் மூடியை எடுத்தார். அதில் 5 கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றி, அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினார். "ஆறுன்னுதானே சிஸ்டர் சொன்னீங்க?"

பத்து மடங்கு. அந்த மருந்து பத்து மடங்கு உள்ளே போனால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கும் நர்சுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: வாந்தி வரும், நாடி இறங்கிக்கொண்டே போகும், துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். அந்த அம்மா மேல் தப்பே இல்லை. "பாயிண்ட் ஆறு" என்று நான் சொன்னதில் பாயிண்ட் என்பது அவருக்குப் பொருளில்லாத சத்தம், ஆறு மட்டும் காதில் நின்றிருக்கிறது. ஊசி மாட்டாத 1 மில்லி சிரிஞ்சை எடுத்து, 0.6 இருக்கும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டு, இந்தச் சிவப்பு வரைக்கும்தான் என்று காட்டி, தண்ணீரில் ஐந்து தடவை எடுக்க வைத்தேன். அப்புறம் குழந்தையின் மார்பில் கை வைத்து ஒரு நிமிடம் முழுசாகத் துடிப்பை எண்ண வைத்தேன். 100க்குக் கீழே வந்தால் கொடுக்காதே, போன் போடு. கொடுத்த பிறகு வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்காதே. இரண்டையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

இத்தனை வருடத்தில் எத்தனை பேரைச் செய்து பார்க்கச் சொல்லாமல் அனுப்பியிருப்பேன் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. நீங்கள் எதையெல்லாம் செய்து காட்டச் சொல்கிறீர்கள்? பெற்றோர் இருந்தால் அவர்களும் எழுதுங்கள், உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்டது எது?


பென்னாகரத்து அம்மா

சிஸ்டர், படித்ததும் அழுதுவிட்டேன். என் பையனுக்கு டி.ஓ.எஃப். என்று சொல்கிற பிறவி இதயக் கோளாறு (இதயச் சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகல்), பிறந்தபோதே இருந்ததாம், எங்களுக்கு ஒன்றரை வயதில்தான் தெரிந்தது. அங்கன்வாடிக்கு வந்த பள்ளிச் சிறார் பரிசோதனை வண்டி டாக்டர்தான் நகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். எங்களிடம் சொன்னதெல்லாம் "அழ விடாதீங்க" மட்டும்தான். ஒன்றரை வயசுப் பிள்ளையை எப்படி அழ விடாமல் வளர்ப்பது?

அவன் தெருவில் விளையாடும்போது நாலு எட்டு ஓடிவிட்டு நடுவிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவான், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போவான். என் மாமியார் "சோம்பேறிப் பையன்" என்று கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவார். அவன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருந்தான் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை.

ஒரு நாள் விடியற்காலை வெளிக்குப் போய்விட்டு வந்தவன் வீறிட்டு அழுதான், உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது, அப்புறம் சத்தமே இல்லை. நான் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ரோட்டுக்கு ஓடினேன். 108 வண்டியில் இருந்த தம்பிதான் பிள்ளையை வாங்கி என் மடியில் படுக்க வைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். ஆக்சிஜனும் வைத்தார். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. அந்த ஒரு காரியத்தை யாராவது முன்னாடியே ஒரு பொம்மையை வைத்துக் காட்டியிருந்தால் நான் அந்த அரை மணி நேரத்தை அனுபவித்திருக்க வேண்டாம்.

இப்போது அவனுக்கு ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறான், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் செய்தோம்.


ஓசூர் பிரதர்

நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான். சிஸ்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எங்கிருந்து எடுப்பது? இரவு டியூட்டியில் நாங்கள் இரண்டு பேர், சில நாள் 40 குழந்தைகள். ஒரு பக்கம் நெபுலைசர், ஒரு பக்கம் வலிப்பு, காலையில் பத்து டிஸ்சார்ஜ் சம்மரி. செய்து காட்டச் சொல் என்று மேலே இருப்பவர்கள் சுற்றறிக்கை விடுவது சுலபம், ஆள் போடுவதுதான் நடப்பதில்லை. கடைசியில் "நர்ஸ் சொல்லவில்லை" என்று பழி மட்டும் எங்கள் தலையில் விழும்.

பென்னாகரத்து அக்கா, உங்கள் பையன் நல்லபடியாக இருப்பதில் சந்தோஷம். முழங்காலை மடக்கினால் ஏன் சரியாகிறது என்று நிறையப் பேருக்குத் தெரியாது. கால் ரத்தக்குழாய்கள் மடங்கி அழுத்தம் கூடும்போது, உடம்புக்குப் போகப் பார்க்கிற கெட்ட ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரல் பக்கம் திரும்பும். பிள்ளைகள் குத்துக்காலிட்டு உட்காருவதும் இதற்காகத்தான்.

நர்சுகளுக்கு ஒன்று: நீலம் பாரித்த குழந்தைகளுக்கு ட்ரிப் போடும்போது குழாயில் ஒரு சின்னக் காற்றுக் குமிழி கூட இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது நுரையீரலில் வடிகட்டப்பட்டுவிடும், இவர்களுக்கு ஓட்டை வழியாக நேராக மூளைக்குப் போய்விடலாம். புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதை நான் தினமும் கத்துகிறேன்.


வார்டு சிஸ்டர், தர்மபுரி

பிரதர், நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆள் இல்லை என்பது எங்கள் வார்டிலும் உண்மை. நான் இப்போது டிஸ்சார்ஜ் நாளுக்குக் காத்திருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே எட்டு மணி மருந்தை நான் எடுப்பதற்குப் பதில் அம்மாவை எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறேன். நான் செய்ய வேண்டிய வேலைதான், கை மட்டும் அவருடையது. நாலு நாளில் எட்டுத் தடவை பழகிவிடும், தனியாக நேரம் போவதில்லை.

பால் கொடுப்பதும் அப்படித்தான். இதயக் கோளாறுள்ள கைக்குழந்தை இரண்டு நிமிடம் சப்பும், நெற்றி வேர்க்கும், அப்படியே தூங்கிவிடும், பத்து நிமிடத்தில் பசித்து அழும். "பால் பத்தலை" என்று வீட்டில் இருப்பவர்கள் புட்டிப்பாலுக்குப் போய்விடுகிறார்கள். பால் போதாமல் இல்லை, குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பு இல்லை. தலையை உயர்த்திப் பிடித்து, இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் இழுக்காமல், மீதியைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்ட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. இதில் நம் பாட்டிமார்கள்தான் கெட்டிக்காரர்கள், கடைவாயில் பாலாடையைச் சாய்க்கிற பக்குவத்தைச் சின்னப் பெண்களுக்கு அவர்களை விட்டே சொல்லிக்கொடுக்கிறேன்.

நீலம் பாரிக்கிற பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் ஒரு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அவர்களுக்கு ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும், நீர் வற்றினால் மூளையில் உறையலாம். பல்லையும் விட்டுவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் ஃப்ளோரைடு தண்ணீரால் பழுப்பேறிய பல் சகஜம் என்பதால் சொத்தையைக் கூட "தண்ணிக் கறை" என்று விட்டுவிடுகிறோம். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி இதய வால்வில் உட்கார்ந்துகொள்ளும்.

பென்னாகரத்து அம்மா, ஆபரேஷனுக்கு அப்புறம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது என்று சொன்னார்களா?


பென்னாகரத்து அம்மா

சொன்னார்கள் சிஸ்டர், அங்கே செய்தும் காட்டினார்கள். நெஞ்செலும்பு கூடுகிற வரை ஒரு கை பிட்டத்துக்கு அடியில், ஒரு கை முதுகுக்குப் பின்னால், அள்ளித்தான் எடுக்க வேண்டும் என்று. ஊருக்கு வந்ததும் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் "வாடா சிங்கக்குட்டி" என்று அக்குளில் கை வைக்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் இன்றுவரை அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. போகட்டும்.


பாலக்கோடு அப்பா

எங்கள் பாப்பாவுக்கு ஏழு வயது, தலசீமியா மேஜர், உடம்பு போதிய நல்ல ரத்தத்தைத் தானே உண்டாக்க முடியாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வருகிறோம். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் சாயந்திரத்துக்குள் முடித்துத் திரும்ப முடியும்.

யாரும் சொல்லாமல் விட்டது எது என்று கேட்டீர்கள். இரண்டு சொல்கிறேன். ஆறு மாதக் குழந்தையாக வெளுத்துப்போய் இருந்தபோது ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தசோகை என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள், எட்டு மாதம் கொடுத்தோம். முருங்கைக்கீரைச் சாறு, பேரீச்சை, ஈரல், சொன்னதையெல்லாம் கொடுத்தோம். உடம்பில் இரும்பு ஏற்கெனவே சேர்கிற நோய்க்கு மேலே மேலே இரும்பு. இன்னொன்று, இரும்பை வெளியேற்றுகிற கரையும் மாத்திரை. வெறும் வயிற்றில் கொடு என்று மட்டும் சொன்னார்கள். நான் பாலில் போட்டு எவர்சில்வர் டம்ளரில் எவர்சில்வர் ஸ்பூனால் கலக்கி ஒரு வருடம் கொடுத்தேன். உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் அளவு 3000க்கு மேல் போன பிறகு ஒரு சிஸ்டர் "எப்படிக் கலக்குறீங்க, காட்டுங்க" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைப் போன வருடம் கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது. இப்போது கண்ணாடி டம்ளர், தண்ணீர், பிளாஸ்டிக் ஸ்பூன், அடியில் தங்குவதையும் அலசிக் குடிக்க வைத்து, அரை மணி கழித்துத்தான் சாப்பாடு.

ஒரு சந்தேகம். ரத்தம் ஏற்றும்போது முதலில் சொட்டு சொட்டாக விடுகிறார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று வேகமாக விடச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். அது தப்பா?


வார்டு சிஸ்டர், தர்மபுரி

தப்புதான் அண்ணா, ஆனால் ஏன் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் 15 நிமிடம்தான் எங்களுக்கு வயிற்றில் நெருப்பு. பொருந்தாத ரத்தம் என்றால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் காட்டிக்கொடுக்கும், மெதுவாக விட்டிருந்தால் உள்ளே போனது கொஞ்சம்தான். அதனால்தான் பெயர், குரூப், பை எண் மூன்றையும் இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிறோம். எத்தனையாவது தடவை வந்தாலும் பாப்பா பெயரை உங்களைச் சொல்லச் சொல்கிறோம், தெரியாமல் கேட்பதில்லை. 15 நிமிடம் தாண்டினால் வேகத்தைக் கூட்டலாம், ஆனால் ஒரு பையை நாலு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், அதற்கு மேல் வெளியே இருந்தால் கிருமி வளரும். இதயம் பலவீனமான பிள்ளைக்கு இன்னும் மெதுவாகத்தான் விட முடியும், இல்லாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஒரு தடவை இப்படித்தான், ஒரு பையனுக்கு ஆரம்பித்து காய்ச்சல், நாடி எல்லாம் பார்த்து எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அவன் அம்மா "சிஸ்டர், இவன் எப்பவும் ரத்தம் ஏத்தும்போது தூங்கிடுவான், இன்னிக்கு முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கான்" என்றார். சட்டையைத் தூக்கினால் முதுகெல்லாம் தடிப்பு. உடனே ரத்தத்தை நிறுத்தி, குழாயை மாற்றி சலைன் மட்டும் ஓட விட்டு, டாக்டரைக் கூப்பிட்டோம். எங்கள் சார்ட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்த அம்மாவின் கண்தான் பிடித்தது. குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது, பிள்ளை வழக்கத்துக்கு மாறாக இருப்பது, எதுவானாலும் கூப்பிடுங்கள். நர்ஸ் எரிந்து விழுந்தாலும் கூப்பிடுங்கள்.

அப்புறம், தலசீமியா பிள்ளைகளுக்கு அரசு ரத்த வங்கியில் கட்டணம் கிடையாது, பதிலுக்கு ஆள் கொண்டுவா என்றும் கேட்கக் கூடாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் மூன்றுமே இருக்கின்றன, அட்டை வாங்கிவிட்டீர்களா?


அரூர் டீச்சர்

பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோமே, அப்படியானால் தலசீமியா பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடாதா? பட்டியலில் எல்லாருக்கும் டிக் போடச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, என் வகுப்பில் ஹீமோபிலியா உள்ள பையன் ஒருவன் இருக்கிறான். விழுந்தால் ரத்தம் நிற்காது என்று பயந்து விளையாட்டுப் பீரியடில் வகுப்பிலேயே உட்கார வைத்துவிடுகிறோம். ஜன்னல் வழியாக மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அது சரியா?


வார்டு சிஸ்டர், தர்மபுரி

டீச்சர், தலசீமியா பிள்ளைக்கு அந்த மாத்திரை வேண்டாம். அம்மாவிடம் டாக்டர் சீட்டை வாங்கி ஃபைலில் வையுங்கள், டிக் போட வேண்டிய சங்கடம் இருக்காது.

அந்தப் பையனை உட்கார வைக்காதீர்கள், பாவம். கபடி, கால்பந்து மாதிரி இடித்துக்கொள்கிற ஆட்டம்தான் வேண்டாம். நடக்கலாம், சைக்கிள் விடலாம், நீச்சல் ரொம்ப நல்லது. தசை வலுவாக இருந்தால்தான் மூட்டுக்குள் கசிவது குறையும். நீங்கள் கவனிக்க வேண்டியது, திடீரென்று ஒரு காலை ஊன்றாமல் நொண்டுவது, மூட்டு சூடாக வீங்குவது. வெளியே ஒரு சொட்டுக் கூட வந்திருக்காது. உட்கார வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வைத்து, வீட்டுக்குச் சொல்லுங்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி விடக் கூடவே கூடாது, நம் ஊரில் இதனால்தான் பாதி முழங்கால் கெடுகிறது. ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும். இடுப்பில், தொடையில் தசை ஊசி போடவும் விடாதீர்கள். தலையில் அடிபட்டால் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. முதலில் ரத்தம் உறைய உதவுகிற ஃபாக்டர் ஊசி, அப்புறம்தான் ஸ்கேன். ஃபாக்டர் அரசு மருத்துவமனையில் இலவசம்.


லேப் தம்பி, கிருஷ்ணகிரி

லேப் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். தலசீமியா சந்தேகம் என்றால் ரத்தம் ஏற்றும் முன்பே, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டுகிற எச்.பி.எல்.சி. பரிசோதனைக்குச் சாம்பிள் எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் கொடையாளியின் ரத்தமும் கலந்து வரும், மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதாகிவிடும். அவசரத்தில் ஏற்றிவிட்டீர்கள் என்றால் அப்பா அம்மா இருவருக்கும் எடுங்கள், ஹீமோகுளோபின் ஏ2 இருவருக்கும் 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஓரளவு விடை தெரிந்துவிடும்.

பெற்றோர்கள் அடிக்கடி தப்பாகப் புரிந்துகொள்கிற விஷயம் ஒன்று. இருவரும் கேரியர் (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள்) என்றால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று சொல்வோம். "ஒண்ணுக்கு வந்துடுச்சு, இனி மூணுக்கு வராது" என்று போய்விடுகிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே நான்கில் ஒன்றுதான். பதினொன்றாவது வாரத்துக்கு மேல் கருவிலேயே பார்க்க முடியும், அதனால் நாள் தள்ளிப்போன உடனே வந்து சொல்லுங்கள். நம் பக்கம் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டுவதால்தான் இது இத்தனை வருகிறது.


பாலக்கோடு அப்பா

தம்பி, நீங்கள் நல்லதுக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் என் அக்கா மகளைத்தான் கட்டினேன். போகிற இடமெல்லாம் முதல் கேள்வி "சொந்தமா?" என்பதுதான், ஆமாம் என்றதும் முகத்தில் ஒரு மாற்றம். என் மனைவி ரத்தம் ஏற்றப் போகும்போது இப்போதெல்லாம் "இல்லை" என்று பொய் சொல்கிறாள். கேட்பவர்கள் கொஞ்சம் யோசித்துக் கேளுங்கள்.


லேப் தம்பி, கிருஷ்ணகிரி

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இந்த நோயுள்ள குழந்தை பிறக்கிறது, அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். உங்கள் மனைவியின் தங்கைக்கோ தம்பிக்கோ கல்யாணம் பேசினால் அதற்கு முன் ஒரே ஒரு பரிசோதனை, அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.


ஊத்தங்கரை அக்கா

வேறு ஒன்று கேட்கலாமா? என் மகளுக்குப் பதினைந்து வயது, ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு பாதித்து 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி. வலி தாங்காமல் இரண்டு தடவையாகப் போகவே மாட்டேன் என்கிறாள். நன்றாகத்தானே இருக்கிறாள், நிறுத்திப் பார்க்கலாமா?


ஓசூர் பிரதர்

அக்கா, நிறுத்தாதீர்கள். இந்த ஊசி இப்போதிருக்கும் தொந்தரவுக்காகப் போடுவதில்லை, இன்னொரு தொண்டைப்புண் வந்து வால்வை இன்னும் கெடுக்காமல் இருக்கப் போடுவது. விட்ட இரண்டு தடவையை நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை வயது வரை என்பது வால்வின் நிலையைப் பொறுத்தது, பாதிப்பு இருந்தால் பல வருடம் போகும்.

வலியைக் குறைக்க வழி இருக்கிறது. மருந்து கெட்டியானது, குளிர்ச்சியாகப் போட்டால் உயிர் போகும். குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, போடும் இடத்தை விரலால் பத்து நொடி அழுத்திவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். எந்தப் பக்கம் என்று மகளையே சொல்லச் சொல்லுங்கள். ஊசி போடுபவரிடம் "மெதுவாப் போடுங்க" என்று நீங்களே கேளுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். போட்ட பிறகு அரை மணி அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள்.

சிஸ்டர், உங்களுக்கு ஒரு செய்தி. மூன்று நாளாக எட்டு மணி மருந்தை அம்மாக்களையே எடுக்க வைத்துப் பார்க்கிறேன். ஐந்து பேரில் இரண்டு பேர் தப்பாக எடுத்தார்கள். ஒருவர் சிரிஞ்சின் கறுப்பு ரப்பரில் எந்த ஓரத்தைக் கோட்டோடு வைப்பது என்று கேட்டார். எனக்கே அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியதில்லை.


வார்டு சிஸ்டர், தர்மபுரி

மருந்துப் பக்கம் இருக்கிற ஓரம் பிரதர். தட்டையான மேல் விளிம்பு கோட்டில் உட்கார வேண்டும். நெயில் பாலிஷ் போடும்போது சிரிஞ்சைச் சுற்றிப் போட்டுவிடுங்கள், எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியும். நாளானால் கழுவக் கழுவ உரிந்துவிடும், அதனால் இரண்டு சிரிஞ்சு கொடுத்து அனுப்புங்கள்.

அந்த 6 கிலோ பாப்பாவின் அம்மா நேற்று ராத்திரி போன் செய்தார். துடிப்பு 118 வந்தது, கொடுக்கலாமா என்று கேட்டார். கொடும்மா என்றேன்.